காது கேளாதவர்களுக்கு வாங்கிய மைக்

நம் ஊரில் ஒருவருக்கு உதவி செய்யக் கிளம்பினால், அவருக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அவர் சொல்லிவிடுவார். அப்புறம் அதைச் செய்து தொலைக்க வேண்டியிருக்கும். இந்தத் தத்துவத்தை எனக்குக் கண்ணெதிரே நடத்திக் காட்டியவர் வைத்தி சார்.

எழுபதுகளின் நடுவில் மயிலாப்பூர் வட்டாரத்தில் மேடை நாடகம் போட்டுக்கொண்டிருந்த ஒரு குழுவுக்கு அவர்தான் கதை, வசனம், இயக்கம், கதாநாயகன் எல்லாம். பகலில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் சூப்பரிண்டெண்ட். (அங்கே என்ன வேலை பார்த்தார் என்று யாருக்கும் தெரியாது. வசனம் முழுக்க அரசாங்கக் காகிதத்தில் இருக்கும் என்பது மட்டும் தெரியும்.)

அந்தக் குழுவில் நான் ப்ராம்ப்டர். பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, மறந்துபோன வசனத்தை எடுத்துக் கொடுப்பவன். ஒத்திகை நாட்களில் காபி வாங்கி வருபவனும் நானே. ஆனால் மேற்கு மாம்பலத்திலிருந்து தினமும் நான் சைக்கிள் மிதித்து வந்தது காபி வாங்குவதற்காக அல்ல. என் ஜோல்னாப் பையில் 'கொல்லைக் கதவு' என்று நானே எழுதிய ஒரு நாடகம் இருந்தது. தமிழ் நாடக மேடை அதற்காகத்தான் இத்தனை வருஷமாகக் காத்துக் கிடக்கிறது என்று நான் மனப்பூர்வமாக நம்பினேன். அதை வைத்தி சார் மேடையேற்ற வேண்டும். என் வாழ்க்கையில் அப்போது இருந்த ஒரே லட்சியம் அதுதான். அவரோ பையைப் பார்க்கும்போதெல்லாம், "காபி ஆறிடப் போறதுடா" என்பார்.

அந்தச் சமயத்தில் அடையாறில் ஓர் அறக்கட்டளை நடத்திவந்த தாரா அம்மாள் என்பவர், காது கேளாதவர்களும் பார்த்து ரசிக்கும்படி நாடகம் போடுகிற குழுக்களுக்குச் சிறு நன்கொடை தருவதாக அறிவித்தார். வைத்தி சாருக்கும் காது பாதிதான் கேட்கும் போலிருக்கிறது. 'நன்கொடை' என்பது மட்டும் விழுந்தது. மறுநாளே விண்ணப்பித்தார், கிடைத்தும் விட்டது. காது கேளாதவர்களுக்கென்று வந்த அந்தப் பணத்தில் அவர் முதல் காரியமாக வாங்கியது இரண்டு மைக்.

"சார், அவங்களுக்குத்தான் காது கேக்காதே?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தாண்டா ரெண்டு" என்றார்.

மீதிப் பணத்தில் திரைக்கு ஜரிகை பார்டர் வைத்தாயிற்று. தலைமை தாங்க வருகிற பிரமுகருக்குப் பொன்னாடை வாங்கியாயிற்று. காது கேளாதவர்களுக்குக் கடைசி இரண்டு வரிசையில் இடம் ஒதுக்கியாயிற்று. ("எங்க உக்காந்தா என்னடா, எப்படியும் கேக்கப் போறதில்லையே.") எல்லா ஏற்பாடும் முடிந்த திருப்தியில் அவர் இருந்தபோது தாரா அம்மாள் ஒத்திகை பார்க்க வந்துவிட்டார்.

"மைக் எல்லாம் நல்லா இருக்கு. அவங்க எப்படிக் கதையைப் புரிஞ்சுக்குவாங்க?" என்று கேட்டார்.

"நடிப்பு இருக்கே மேடம்! என் முகபாவத்தைப் பாத்தாலே போறும்."

தாரா அம்மாள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "வசனத்தை எழுதிக் காட்டிடுங்க. அவங்களை முன் வரிசையில உட்கார வையுங்க. நான் வந்து பார்த்துட்டுத்தான் அடுத்த வருஷத்துக்குப் பணம் தரதா இல்லையான்னு சொல்வேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருடைய கார் தெருமுனை திரும்புவதற்குள் வைத்தி சார் என் தோளில் கை போட்டார். அதுவரை அந்தக் கை என் தோளில் விழுந்ததில்லை. "உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்டா. வசனத்தைப் பெரிசா சார்ட்டுல எழுதி மேடை ஓரத்துல நின்னு காட்டிடு. இது மட்டும் நல்லபடியா முடியட்டும், அடுத்த நாடகம் உன் கொல்லைக் கதவுதான்."

நான் மேற்கு மாம்பலம் வரை தரையில் கால் படாமல் போனேன். ஒரு வாரம் வீட்டில் யாருக்கும் படுக்க இடமில்லை. கூடம் முழுக்கச் சார்ட் பேப்பர், மை காய்வதற்காக. அப்பா நொண்டி விளையாடுகிற மாதிரி தாண்டித் தாண்டி வந்து, "என்னடா இது, தேர்தல்ல நிக்கப் போறியா?" என்று கேட்டார். ஊமை ஜனங்களின் உலகத்துக்கே நான் ஒளியேற்றப் போகிறேன் என்ற புனிதமான உணர்ச்சியில் இருந்தேன். (அவர்களை 'ஊமை' என்று சொல்வதே தப்பு என்றுகூட ஒளியேற்றப் போனவனுக்குத் தெரியவில்லை.)

நாடகம் தி.நகரில் ஒரு மண்டபத்தில். பெயர் 'பங்கஜத்துக்கு ஒரு பங்கு'. வீட்டைப் பங்கு பிரிக்கிற அண்ணன் தம்பிகளின் கதை. முதல் இரண்டு அங்கம் சிரிப்பு, மூன்றாவதில் பங்கஜம் என்கிற அம்மா செத்துப்போவாள், எல்லோரும் அழ வேண்டும். முன் வரிசைகளில் காது கேளாதவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். வழக்கமாக அங்கே உட்காருகிற புரவலர்கள் பின்னால் தள்ளப்பட்டு, "பணம் குடுக்கறது நாம, முன்னாடி உக்கார்றது அவாளா?" என்று சத்தமாகவே முணுமுணுத்தார்கள். முன்னால் இருந்தவர்களுக்கு அது கேட்காது என்ற தைரியம்.

மேடையின் இடது ஓரத்தில், சார்ட் அடுக்கோடு நான். பக்கத்தில் ஸ்டாண்டில் ஒரு கரும்பலகை, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று தாரா அம்மாள் சொல்லியனுப்பியது. எனக்குப் பின்னால் திரை இழுக்கிற மணி.

முதல் ஐந்து நிமிஷம் அற்புதமாகப் போயிற்று. பிறகு வைத்தி சார் ஒரு ஜோக் சொன்னார், கைதட்டல் விழுந்தது. அங்கேதான் சனியன் பிடித்தது. கைதட்டல் விழுந்தால் அவர் எழுதிய வசனத்தைப் பேச மாட்டார். அதே ஜோக்கைத் திருப்பிச் சொல்வார். அன்றைய பேப்பரில் வந்த செய்தியைச் சேர்ப்பார். கூட்டத்தில் புரவலர் யாராவது தென்பட்டால் அவர் பெயரையும் நுழைத்துவிடுவார். கூட நடிப்பவர்கள் வாயைத் திறந்தபடி காத்துக்கொண்டு நிற்பார்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், அவர் கைப்பட எழுதியதை ஒரு வாரம் உட்கார்ந்து பிரதி எடுத்தேனே, என்னை என்ன சொல்வது!

என் கையில் இருந்த சார்ட்டில் 'பக்கத்து வீட்டு மாமி வந்தாள்' என்று இருந்தது. மாமி வரவில்லை. வைத்தி சார் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். முன் வரிசையில் பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண், அவரைக் கைகாட்டி, வாய் அசைகிறதே என்பது போல விரல்களை மூடித் திறந்து காட்டினாள். பிறகு என் சார்ட்டைக் கைகாட்டினாள். பிறகு இரண்டு கையையும் விரித்தாள். அவளுக்கு வாயசைவைப் படிக்கத் தெரியும் என்று பிற்பாடு அறிந்தேன். ஆனால் வைத்தி சாரின் வாய் தெரிந்தால்தானே? நன்கொடையில் வாங்கிய மைக் அதை முழுசாக மறைத்துக்கொண்டிருந்தது.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சார்ட்டை வைத்துவிட்டுச் சாக்பீஸை எடுத்தேன். அவர் சொல்வதையெல்லாம் எழுத முடியுமா? சுருக்கமாக எழுதினேன்: 'முன்பு சொன்னதையே மறுபடியும் சொல்கிறார்.'

முன் வரிசைகளில் பெரிய சிரிப்பு. அந்தக் குழுவின் சரித்திரத்தில் அப்படி ஒரு சிரிப்பு எழுந்ததில்லை. வைத்தி சார் பூரித்துப்போய் இன்னும் ஒரு முறை சொன்னார். நான் 'இன்னும் ஒரு முறை' என்று எழுதினேன். அவருக்குப் பலகையின் முதுகுதான் தெரியும். மண்ணெண்ணெயைத்தான் ஜனங்கள் ரசிக்கிறார்கள் என்று நினைத்து, கேஸ் அடுப்புக்குத் தாவினார்.

அங்கேயாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் வாழ்க்கையில் முதல் தடவையாக என் எழுத்துக்கு ஆயிரம் கண்கள் காத்திருந்தன. தலைக்கேறிவிட்டது. 'இது சிரிக்க வேண்டிய இடமாம்' என்று எழுதினேன். 'மூன்றாம் வரிசை மாமாவுக்கு ஐஸ் வைக்கிறார்' என்று எழுதினேன். பின்னால் இருந்த புரவலர்களும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பலகையைப் படிக்க ஆரம்பித்தார்கள். பச்சைப் புடவை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். தாரா அம்மாள் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

மூன்றாவது அங்கம். பங்கஜம் கட்டிலில் செத்துக் கிடக்கிறாள். வைத்தி சார் மண்டியிட்டு, ஒரு மைக்கை அம்மாவின் நெஞ்சுக்குப் பக்கத்திலும் இன்னொன்றைத் தன் வாய்க்குப் பக்கத்திலும் வைத்துக்கொண்டு புலம்ப ஆரம்பித்தார். அந்தப் புலம்பல் எனக்கு மனப்பாடம். பலகையைத் துடைத்துவிட்டு எழுதினேன்: 'அழ வேண்டிய இடம். இன்னும் பத்து நிமிஷம் ஆகும்.'

மண்டபம் அதிர்ந்தது. வைத்தி சாருக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மா செத்ததற்கு இதுவரை யாரும் சிரித்ததில்லை. மெதுவாக எழுந்தார், நான் இருக்கும் பக்கமாக வந்தார், பலகையைச் சுற்றி எட்டிப் பார்த்தார்.

"என்னடா எழுதிண்டிருக்கே?" என்றார். கையில் மைக் இருந்தது.

என் கை தானாக எழுதியது: 'என்னடா எழுதிண்டிருக்கே?'

இன்றுவரை அது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. மேடையில் பேசுவதை எழுத வேண்டும் என்று சொன்னார்கள், பேசினார், எழுதினேன். இந்த ஒரு விஷயத்தில் நான் செக்குமாடு மாதிரி.

"பலகையைக் கீழ வைடா, கழுதை!"

'பலகையைக் கீழ வைடா, கழுதை!'

"சோத்துக்கு வழியில்லாம வந்தவனை ஆத்துக்குள்ள விட்டது என் தப்பு!"

எழுதினேன். ('சோத்துக்கு வழியில்லாம' என்பது அபாண்டம். ஆனால் எடிட் செய்ய எனக்கு உரிமை இல்லை.) முன் வரிசைகளில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். மேடையில் பேசுவது அப்படியே, அந்தக் கணமே, அவர்களுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. அறக்கட்டளை எதற்காகப் பணம் கொடுத்ததோ அது அந்தச் சாயங்காலத்தில் அப்போதுதான் நடந்தது.

மணி பின்னாலிருந்து, "இன்னா சார், சண்டை கதைல கீதா? ஸ்க்ரீனை இஸ்துடவா?" என்று கேட்டான். அதையும் எழுதினேன். சத்தம் தாங்காமல் செத்துப்போன பங்கஜம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தாள். 'அம்மா பிழைத்துக்கொண்டாள்' என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே வைத்தி சார் பாய்ந்தார். பலகை, ஸ்டாண்ட், நான், அவர், இரண்டு மைக் எல்லாம் ஒன்றாக விழுந்தோம். அவருடைய ஒட்டு மீசை என் சட்டைப் பையில் கிடைத்தது.

ஜரிகை பார்டர் வைத்த திரை மூடியது. ஐந்து நிமிஷம் கைதட்டினார்கள். காது கேளாதவர்கள் கைதட்டலுக்குப் பதிலாகக் கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார்கள். வைத்தி சார் திரையை விலக்கி வெளியே வந்து வணங்கினார் என்றால் நம்புவீர்களா? வணங்கினார்.

தாரா அம்மாள் மேடைக்கு வந்து பொன்னாடையை அவருக்கே போர்த்திவிட்டு, "அடுத்த வருஷமும் பணம் தரேன். இந்தப் பலகைக்கு மட்டும்" என்று சொன்னார். வைத்தி சார் 'கொல்லைக் கதவை' என் பையிலிருந்து தானே உருவி எடுத்தார். முதல் தடவையாக அதைக் கையால் தொட்டார். தொட்டு, வாசலில் இருந்த என் சைக்கிள் கேரியரில் வீசிவிட்டு, "இனிமே இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதே" என்றார். லட்சியம் அன்றோடு முடிந்தது. நான் நடைபாதையில் நின்று நிஜமாகவே அழுதேன். அதற்கு யாரும் பலகை பிடிக்கவில்லை.

அப்போது பச்சைப் புடவை வந்தாள். பெயர் சுகந்தி, தி.நகரில் ஓர் இன்ஜினீயர் ஆபீசில் வரைபடம் நகலெடுக்கும் வேலை. சின்ன வயதில் காய்ச்சலில் காது போயிருந்தது. பேச்சு வரும், ஆனால் அறிமுகமில்லாதவர்களிடம் பேச மாட்டாள். கைப்பையிலிருந்து ஒரு சிலேட்டை எடுத்து, 'அது என்ன?' என்று எழுதி, கேரியரைக் காட்டினாள். என் நாடகம் என்றேன். படிக்கக் கேட்டாள். எனக்கு உயிர் வந்தது. வைத்தி சார் மதிக்காததை இவளாவது மதிக்கிறாளே என்று எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொண்டுவந்தாள். சிலேட்டில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள்: 'வைத்தி சாரே தேவலை.'

அப்படிச் சொன்னவளைத்தான் கல்யாணம் செய்துகொண்டேன். 'கொல்லைக் கதவு' பழைய பேப்பர்காரனிடம் போயிற்று. சிலேட்டு எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. விருந்தாளிகளிடம் நான் ஏதாவது கதை சொல்ல ஆரம்பித்தால் சுகந்தி எழுந்து போய் அதை எடுத்து வந்து, என் முதுகுக்குப் பின்னால் 'சிரிக்க வேண்டிய இடம்' என்று பிடிப்பாள். பிள்ளைகளும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். மாப்பிள்ளைக்குக்கூட யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

நான் ஓய்வு பெற்ற அன்று ஆபீசில் பாராட்டு விழா வைத்தார்கள். ஏற்புரை வழங்கினேன். எனக்கு அப்படிப் பேச வரும் என்று எனக்கே தெரியாது. வாக்கியத்துக்கு வாக்கியம் சிரிப்பு. மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, நன்றாகப் போன இரண்டு ஜோக்கைத் திரும்பவும் சொன்னேன். முன் வரிசையில் இருந்த மேனேஜர் பெயரையும் சேர்த்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் மகள் சொன்னாள், எனக்குப் பின்னால் மேடையில் மரியாதைக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்த சுகந்தி, கைப்பையிலிருந்து சிலேட்டை எடுத்து மடியில் நிறுத்தி வைத்திருந்தாளாம்.

'இன்னும் பத்து நிமிஷம் ஆகும்.'

ஜனங்கள் சிரிக்கிறார்களே என்று நான் இருபது நிமிஷம் பேசியிருந்தேன்.