நானூற்றுப் பன்னிரண்டு பதிவுகளும் ஒரு பங்கஜாக்ஷனும்

மனிதகுலம் உண்மையைத் தேடிக் காடுமலையெல்லாம் அலைந்து களைத்த பிறகு, அது கடைசியில் சேர்த்தலையில், மீன் சந்தைக்கு எதிரே, இரண்டாவது மாடியில் கிடைத்தது. காயல்வழி மென்பொருள் நிறுவனத்தின் ‘பொதுக் களஞ்சியம்’ என்று அதற்குப் பெயர். அங்கே வேலை செய்தவர்கள் ரெப்போ என்றார்கள்.

அதற்கு முன் நிலவியது இருண்ட காலம். காயல் படகுகளின் நேரத்தைக் கைபேசியில் காட்டும் செயலியை ஏழு பேர் ஏழு கணினிகளில் ஏழு விதமாக எழுதினார்கள். பென் டிரைவ் மேசைக்கு மேசை நடந்தது. ஒருவர் திருத்தியதை இன்னொருவர் அழித்தார். அழித்தது யார் என்று கேட்டால் எல்லோரும் சாயா குடிக்கப் போனார்கள். இனி அந்தக் கதை நடக்காது. எல்லோர் வேலையும் தொலைவிலுள்ள ஒரே கணினியில் போய்ச் சேரும். எந்த வரியை, என்றைக்கு, யார் எழுதினார் என்பது பெயரோடு பதிந்துவிடும்.

இதில் மிகவும் மகிழ்ந்தவள் ஜின்ஸி. அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. இன்னும் மூன்று மாதத்தில் வேலை நிரந்தரமாகும், இல்லையென்றால் போகும். செய்ததெல்லாம் பெயரோடு பதிந்தால் யார் தயவும் வேண்டாம் என்று நம்பினாள். பாவம், நல்ல பெண்.

களஞ்சியத்தை அமைத்தவன் ஸனூப். அரைமணி நேர வேலைதான். ஆனால் திறப்பு விழா இல்லாமல் எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர்கூட வராது. ஆகவே ஏற்றிவைக்க நிலவிளக்கு வந்தது. வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை எல்லாம் நடந்தன. மேலாளர் பங்கஜாக்ஷனின் மடிக்கணினியில் அவர் பெயரைப் பொருத்தி, அவர் விரலாலேயே முதல் பொத்தானை அழுத்தவைத்தார்கள். கைதட்டல் ஓய்வதற்குள் சாயாவோடு வந்த பழம்பொரி ஆறத் தொடங்கியது. மற்ற ஏழு கணினிகளுக்கும் தனித்தனியாக அமைக்கப் பொறுமையில்லாத ஸனூப், சாருடைய அமைப்பையே நகலெடுத்து எல்லாவற்றிலும் போட்டான். பெயரோடு சேர்த்துத்தான்.

ஒரே வாரத்தில் ஜின்ஸி கண்டுபிடித்து ஸனூப்பிடம் போனாள்.

“சேட்டா, நான் எழுதினதெல்லாம் சார் பேர்ல விழுது.”

“எல்லாருக்கும் அப்படித்தான் மோளே. விளக்கேத்தித் திறந்த செட்டிங். நாம தொட்டா நல்லாருக்காது. சார்கிட்ட அனுமதி வாங்கு.”

சாரிடம் போனாள்.

“யார் பேர்ல இருந்தா என்ன ஜின்ஸி? நாமெல்லாம் ஒரே குடும்பம் இல்லையா?” என்றார் பங்கஜாக்ஷன்.

குடும்பத் தலைவருக்கு அடுத்த மாதமே கொச்சித் தலைமையகம் ‘தலைசிறந்த நிரலாளர்’ விருது வழங்கியது. அவர் அதை மிகுந்த தன்னடக்கத்தோடு, பெரிய சட்டத்தில் மாட்டினார்.

ஜின்ஸிக்கு ஆறு மாதம் முடிந்த அன்று காலை அவளைக் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு கடிதம் இருந்தது.

“ரெப்போல மொத்தம் நானூத்திப் பன்னெண்டு பதிவு. உன் பேர்ல ஒண்ணுகூட இல்ல. எனக்கு வருத்தம்தான். ஆனா பதிவு பொய் சொல்லாது.”

“பாதிக்கு மேல நான் எழுதினதுன்னு உங்களுக்குத் தெரியும் சார்.”

“எனக்குத் தெரியும். ரெப்போவுக்குத் தெரியலியே. சாயங்காலம் கையெழுத்துப் போட்டுத் தரேன்.”

அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

மூன்று மணி தாண்டியதும் தொலைபேசி அலறியது. பகல் பன்னிரண்டு மணிப் படகை நம் செயலி நள்ளிரவுப் படகு என்று காட்டியிருக்கிறது. அதைப் பார்த்த ஒரு கல்யாண மாப்பிள்ளை வீட்டார், படகு இல்லையென்று பேருந்தில் ஊரைச் சுற்றி வந்து முகூர்த்தத்தைத் தவறவிட்டார்கள். தாலி மூன்று மணிக்குத்தான் ஏறியது. பெண்ணின் அப்பா சாதாரண ஆளும் இல்லை. தொழிற்சங்கத் தலைவர் சுகதன். தப்பு செய்தவரைப் பார்க்க நேரில் வருவதாகச் சொல்லியிருந்தார்.

பங்கஜாக்ஷன் ஸனூப்பை விட்டுக் களஞ்சியத்தைத் திறந்து பார்க்கச் சொன்னார். தவறான வரிக்கு நேரே அவர் பெயர் பளிச்சென்று இருந்தது. ஜின்ஸியிடம் ஓடினார்.

“மோளே, அந்த வரி நீ எழுதினதுதானே?”

“ஆமா சார். தப்பு என்னோடதுதான். மத்ததும் என்னோடதுதான்.”

“மத்தத அப்புறம் பாப்போம். ஸனூப், அந்த ஒண்ண மட்டும் இவ பேருக்கு மாத்து.”

மூன்று மாதமாகக் கிடைக்காத அனுமதி மூன்று நொடியில் கிடைத்தது. விளக்கேற்றித் திறந்த செட்டிங்கை ஸனூப் தயங்காமல் தொட்டான்.

நான்கு மணிக்கு சுகதன் பட்டு வேட்டியோடு வந்து பங்கஜாக்ஷன் மேசையிலிருந்த திரையைப் படித்தார்.

“ஆறு மாசத்துல இந்தப் பொண்ணு ஒரே ஒரு வரியா எழுதுச்சு? மிச்ச நேரம் என்ன பண்ணுச்சு?”

“சார் எழுதறதப் பாத்துட்டிருந்தேன்,” என்றாள் ஜின்ஸி.

“சரி. நாளைக்கு மறுவீட்டுக்கும் அதே பன்னெண்டு மணிப் படகுதான். இப்பவே என் கண்ணு முன்னால சரி பண்ணுங்க. அந்தப் பொண்ணு வேணாம். நானூத்திப் பதினொண்ணு சரியா எழுதினவர் நீங்க, நீங்களே உக்காருங்க.”

பங்கஜாக்ஷன் உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். சுட்டியை மேலே நகர்த்தினார், கீழே நகர்த்தினார். நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“ஜின்ஸி… இதுல எழுதறது எந்தப் பக்கம்?”

சுகதன் மேசைமேலிருந்த கடிதத்தை எடுத்து நிதானமாக வாசித்தார்: ‘ஒரு வரிகூட எழுதாத காரணத்தால் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள்.’

“காரணம் சரியாத்தான் இருக்கு,” என்று கடிதத்தைப் பங்கஜாக்ஷனிடம் நீட்டினார். “பேருதான் தப்பா விழுந்திருக்கு.”