ஐந்தாவது ஆள்

எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் தலைகளை எண்ணிவிடுவேன். இந்தப் பழக்கத்தால் என் அத்தானை இன்னும் மூன்று நாள் ஜெயிலில் வைக்கப் பார்த்தவன் நான்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தேன். அங்கே ஒவ்வொரு அறைச் சுவரிலும் பெயிண்டில் எழுதியிருக்கும்: ஆட்கள் நான்கு. ஐந்தாவதாக ஒருவர் எட்டிப் பார்த்தாலே, வாசலோரம் இருப்பவர் வெளியே வந்துவிட வேண்டும். அதை மீறிய ஓர் அறை என்ன ஆனது என்று கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் மற்றவர்களைவிட எனக்குப் பயம் அதிகம். (யோசிக்கவெல்லாம் மாட்டேன். கால் தானாகப் போய்விடும்.)

அத்தானுக்கு அந்தப் பயம் கிடையாது. அனுமதியில்லாமல் வீட்டிலேயே பட்டாசுத் திரி செய்து மாட்டிக்கொண்டார். ஜாமீன் கிடைத்துவிட்டது. ஆனால் சொத்துள்ள இரண்டு பேர் கோர்ட்டுக்கு வந்து அவருக்குப் பொறுப்பேற்க வேண்டும். ஒருவர் அத்தானின் சித்தப்பா. இன்னொருவர், ஒன்றரை அறை வீட்டுக்கு அதிபதியான நான். அன்று வெள்ளிக்கிழமை. விட்டால் திங்கள்தான். ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு வளைகாப்பு.

வீட்டு வரி ரசீது, ரேஷன் கார்டு, வி.ஏ.ஓ. சான்று எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஒன்பது மணிக்கே போய்விட்டேன். முதல் ஜன்னலில் ஸ்டாம்ப் கேட்டார்கள். ஸ்டாம்ப் ஒட்டிக்கொண்டு போனால் போட்டோ எங்கே என்றார்கள். போட்டோ ஒட்டியதும் அதன்மேல் கையெழுத்து வாங்க வேறு ஜன்னலுக்கு அனுப்பினார்கள். அந்த ஜன்னல்காரர் முதல் ஜன்னலைக் காட்டினார். எல்லாரும் தெளிவாகத்தான் சொன்னார்கள், எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் வக்கீல் குமாஸ்தா பையைப் பிடுங்கி எல்லாவற்றையும் அவரே முடித்தார்.

"உள்ள போயி சுவரோரமா நில்லுங்க. பேரைக் கூப்புட்டதும் முன்னால வரணும், அம்புட்டுதான்" என்றார்.

போனேன். எண்ணினேன். முப்பத்தேழு தலைகள். அடுத்து எனக்கு நினைவிருப்பது, வெளியே வேப்பமரத்தடியில் நின்றது. டவாலி என் பெயரை மூன்று தடவை கூப்பிட்டு ஓய்ந்துபோனாராம். சித்தப்பா தனியாக நின்று திருதிருவென்று விழித்திருக்கிறார். சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகும் அதே கதை. இன்னொரு தரம் ஆள் இல்லையென்றால் திங்கட்கிழமைதான் என்று நீதிபதியம்மா சொல்லிவிட்டார்.

மூன்றாவது முறை குமாஸ்தா என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். (பார்த்தவர்கள் நான்தான் திரி செய்தவன் என்று நினைத்திருப்பார்கள்.) அப்படியே முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"ஏன் ஓடி ஓடிப் போறீங்க? அந்த வீடு உங்க வீடுதானா?"

போலிச் சான்று என்று நீதிபதியம்மா சந்தேகப்படுகிறார். அத்தான் மட்டுமல்ல, நானும் உள்ளே போய்விடுவேன் போலிருந்தது.

"வீடு என்னோடதுதாம்மா. இங்கனதான் ஆளு சாஸ்தி. நாலு பேருக்கு மேல நின்னா எங்க கம்பெனியில விடமாட்டாக."

அவர் பேனாவை மூடி வைத்தார். எந்த அறையில் வேலை என்று கேட்டார். பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்துகிற அறை என்றேன். உடனே வக்கீல்கள் உட்பட எல்லாரையும் கொஞ்சம் வராந்தாவில் நிற்கச் சொன்னார். உள்ளே அவர், எழுத்தர், சித்தப்பா, நான். டவாலி ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுத் தானும் வெளியே போனார். என் கையெழுத்து அவ்வளவு நேராக அதற்குப் பிறகு விழுந்ததே இல்லை.

சாயங்காலம் ஜெயில் வாசலில் அத்தானைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். சித்தப்பா விஷயத்தைச் சொன்னதும் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"உள்ள ஒரே ரூம்ல பதினோரு பேரு கெடந்தோம் மாப்ளே. நீயா இருந்தா ஜெயிலை ஒடைச்சுட்டு வெளிய வந்திருப்ப."

அத்தான் அதற்குப் பிறகு திரியைத் தொடவில்லை. அன்று அக்கா வயிற்றில் இருந்தவள் இப்போது காலேஜில் படிக்கிறாள். என் வீட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் போன் செய்துவிடுவாள்.

"மாமா, நாங்க அஞ்சு பேரு வாரோம். நீங்க வெளிய இருந்துக்கோங்க."

போனுக்குப் பின்னால் குடும்பமே சிரிப்பது கேட்கும். நான் அவர்கள் வருவதற்குள் ஒரு நாற்காலியை எடுத்து வாசலில் போட்டு வைத்துவிடுவேன்.