கலர் அண்ணாச்சி

டெல்லியில் நிறங்களைப் பற்றி முழுக்கத் தெரிந்த ஒரே மனிதர் யார் என்று என்னைக் கேட்டால், பிறந்ததிலிருந்து ஒரு நிறத்தையும் பார்த்திராத ஒருவரைத்தான் சொல்வேன். லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குடியிருப்பில் எங்களுக்கு எதிர் பிளாக்கில் இருந்தார். பெயர்ப் பலகையில் என்ன பெயர் இருந்தது என்பது தபால்காரருக்கு மட்டும் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் கலர் அண்ணாச்சி.

ஊரிலிருந்து மாற்றலாகிப் புதிதாக வருகிறவர்கள் இந்தப் பெயரைக் கேட்டதும் தப்பாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஏதோ கலர் பார்க்கிற ஆசாமி என்று நினைத்து, வீட்டுப் பெண்களை உள்ளே போகச் சொன்ன ஒரு குடும்பத் தலைவரை எனக்குத் தெரியும். அடுத்த வாரமே அந்தத் தலைவர் அதே பெண்களைக் கூட்டிக்கொண்டு அண்ணாச்சி வீட்டு வாசலில் நின்றார். "பெரியவ நிச்சயதார்த்தத்துக்கு அரக்குக் கலர்ல புடவை எடுத்திருக்கோம். ப்ளவுஸ் என்ன போடலாம்னு ஒரே சண்டை. நீங்க சொல்லிட்டா அப்பீல் கிடையாதாமே?"

அண்ணாச்சி கொஞ்சம் யோசித்தார். "தங்கக் கலரு வேண்டாம். ஊர்ல அத்தனை பேரும் அதத்தான் போடுதாங்க. கிளிப்பச்சை போடுங்க. புடவையும் சண்டைக்கு நிக்கும், ப்ளவுசும் சண்டைக்கு நிக்கும். பாக்கவன் நடுவுல புள்ள முகத்தத்தான் பாப்பான்." நிச்சயதார்த்தத்துக்கு நானும் போயிருந்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் அந்தப் பெண்ணின் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

அவருக்குத் தென்காசிப் பக்கம். சின்ன வயதில் 'கலர்' என்றால் கடையில் விற்கிற சோடா என்றுதான் நினைத்திருந்தாராம். "மாமா கேட்டாரு, ஏல, உனக்கு செவப்புக் கலரா, பச்சைக் கலரான்னு. ரெண்டையும் குடிச்சுப் பாத்தேன். ரெண்டும் ஒரே சீனித் தண்ணி, ஒரே ஏப்பம். அப்ப எதுக்குல இதுக்கு ரெண்டு பேருன்னு அன்னைக்கி ஆரம்பிச்சது." அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் அவர் பள்ளிக்கூடம், கல்லூரி, தேர்வு எல்லாம் தாண்டி டெல்லிக்கு வந்து, லோதி ரோட்டில் எங்கள் அலுவலகத்தில் பிரிவு அதிகாரியாக உட்கார்ந்தார்.

நான் டெல்லிக்கு வந்த புதிதில் அவரை முதலில் சந்தித்தது பஸ்ஸில். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர், மடக்குக் கோலை மடித்து வைத்துவிட்டு, "தமிழா? வளையல் சத்தத்துக்கு நடுவுல 'ஐயோ'ன்னு சொன்னீங்களே. புடவை என்ன கலரு?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கோலைப் பார்த்த பிறகு, "மயில் கழுத்து சார்" என்றேன்.

"மயில தொட்டுப் பாத்திருக்கேன். கழுத்து வழவழன்னு இருந்துச்சு. அதுதான் கலரா?"

"இல்ல சார், நீலமும் பச்சையும் கலந்து இருக்கும்."

"கலந்துன்னா? சாம்பாரும் சோறும் பெசஞ்ச மாதிரியா, இட்லியும் சட்னியும் பக்கத்துல பக்கத்துல இருக்க மாதிரியா?"

நான் என் புடவையையே முதல் தடவையாகப் பார்க்கிறவள் மாதிரி பார்த்தேன். இரண்டும் இல்லை. இப்படித் திருப்பினால் நீலம், அப்படித் திருப்பினால் பச்சை. "ஒருத்தரே ரெண்டு குரல்ல பேசற மாதிரி சார். எப்ப மாத்தறார்னு கண்டுபிடிக்க முடியாது" என்றேன்.

"அச்சா!" என்று தொடையில் தட்டினார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. இறங்க வேண்டிய இடம் எப்போதோ போய்விட்டிருந்தது. அன்றிலிருந்து நான் அவருக்குத் தங்கச்சி.

அண்ணாச்சியிடம் நிறம் சொல்வது நீதிமன்றத்தில் சாட்சி சொல்வது போல. சிவப்பு நெருப்பு மாதிரி என்றால், "அப்ப செவப்புச் சட்டை சுடுமா?" என்பார். கேண்டீன்காரர் வெள்ளையை விளக்கப் போய், உப்பு, சீனி, பால், மைதா என்று அடுக்கி மாட்டிக்கொண்டார். "நாலு ருசிக்கு ஒரே வெள்ளையா? அப்ப ஒங்க கண்ணு உப்பையும் சீனியையும் பிரிச்சுச் சொல்லாதா? என் நாக்கு சொல்லுமே!" மஞ்சள்மேல் அவருக்குத் தீராத சந்தேகம். "கல்யாணத்துக்கும் மஞ்சள், காமாலைக்கும் மஞ்சள். நம்பக்கூடாத கலரு, தங்கச்சி."

ஹோலியன்று குடியிருப்பே களேபரமாக இருக்கும். அண்ணாச்சிமேல் மட்டும் யாரும் பொடி போட மாட்டார்கள். பாவம், கண் தெரியாதவர் என்று ஒதுங்கிப் போவார்கள். ஒரு வருஷம் அவருக்குப் பொறுக்கவில்லை. புத்தம் புதிய வெள்ளைக் குர்தாவைப் போட்டுக்கொண்டு நட்ட நடு மைதானத்தில் வந்து நின்று, "ஏக் ஏக் கர்கே ஆவோ! ஒவ்வொருத்தரா வந்து கலரு பேரைச் சொல்லு, அப்புறம் பூசு!" என்று முழங்கினார். வரிசை நின்றது. ஒவ்வொருவரும் வந்து "ஹரா", "பீலா", "குலாபி" என்று நிறத்தின் பெயரை அறிவித்து மரியாதையாகக் கன்னத்தில் பூசினார்கள். அவர் ஒவ்வொன்றையும் முகர்ந்து, விரலில் தேய்த்து, தலையாட்டி ஏற்றுக்கொண்டார். பட்டாபிஷேகம் மாதிரி இருந்தது.

கடைசியில் என்னைக் கூப்பிட்டார். "தங்கச்சி, இப்ப நான் எப்படி இருக்கேன்? உண்மையச் சொல்லணும்."

"எல்லாம் சேர்ந்து சேறு மாதிரி இருக்கீங்க அண்ணாச்சி."

"சேறா? எல்லாக் கலரும் சேந்தா வெள்ளைன்னுல்லா பள்ளிக்கூடத்துல சொன்னாங்க!"

கல்லூரியில் பௌதிகம் நடத்தும் பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பேராசிரியர் மாட்டினார். ஒளி சேர்ந்தால் வெள்ளை, பொடி சேர்ந்தால் சேறு என்பதை, பச்சை முகமும் ஊதாத் தலையுமாக நின்று, வெயில் உச்சிக்கு வரும்வரை அவர் விளக்கினார். அண்ணாச்சி விடவில்லை. பேராசிரியரின் மனைவி வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்போதுகூட அவர் திரும்பித் திரும்பி விளக்கிக்கொண்டே போனார்.

இதையெல்லாம் நான் பார்த்துச் சிரித்தவள். அதற்குப் பிறகு வந்த குளிர்காலத்தில் என் கண் போயிற்று.

முதலில் போனது சிவப்பு. சிக்னல் விளக்கு, துவைத்துத் துவைத்து வெளுத்த துணி மாதிரி தெரிந்தது. புகைமூட்டத்தால் என்று நினைத்தேன். பார்வை நரம்பு வீங்கியிருக்கிறது என்றார்கள் டாக்டர்கள். ஊசி போட்டார்கள். ஒரு கண்ணுக்குப் பின் இன்னொன்றும் போயிற்று. வசந்தம் வருவதற்குள் ஜன்னல் எந்தப் பக்கம் என்பதை வெயிலின் சூட்டை வைத்துத்தான் சொல்ல முடிந்தது.

நான் அறைக்குள் படுத்துக்கொண்டேன். வந்தவர்கள் ஆப்பிளும் ஆறுதலும் கொண்டுவந்தார்கள். கடவுள் சோதிக்கிறார் என்றார்கள். என் கணவர் சாப்பாட்டைப் பிசைந்து கையில் கொடுத்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன். அலுவலகத்துக்கு இனி வர முடியாது என்று எழுதிக் கொடுத்துவிடச் சொன்னேன். அவர் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்.

ஒரு காலையில் கோல் தட்டும் சத்தம் கேட்டது. அண்ணாச்சி நாற்காலியைத் தேடி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எப்படி இருக்கீங்க என்றுகூடக் கேட்கவில்லை.

"தங்கச்சி, செவப்பு முதல்ல போச்சாமே. போவும்போது எப்படிப் போச்சு? மெல்லவா, படக்குன்னா?"

"அண்ணாச்சி!" என்று என் கணவர் பதறினார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "வெளிய போங்க" என்று கத்தினேன். "உங்களுக்கு இது விளையாட்டு. இல்லாத ஒண்ண வச்சு விளையாடறீங்க. எனக்கு இருந்தது. இருந்தது போச்சு!"

"அதுக்குத்தான் வந்தேன்" என்றார் அண்ணாச்சி, குரலை உயர்த்தாமல். "போனது கண்ணு. கலரு இன்னும் உள்ளதான இருக்கு? அது மறந்துருமோன்னு பயமா இருக்கா?"

அதுதான் பயம். காலையில் விழித்ததும் என் மகளின் பள்ளிச் சீருடை என்ன நீலம் என்று நினைத்துப் பார்ப்பேன். ஒவ்வொரு நாளும் அது கொஞ்சம் மங்கிக்கொண்டிருந்தது. இதை நான் கணவரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

"எங்கிட்ட குடுத்து வையுங்க, தங்கச்சி" என்றார். "ஒவ்வொண்ணாச் சொல்லுங்க. நான் பத்திரமா வச்சுக்கிடுதேன். எனக்கு வேற கலரு பாத்துக் கலங்கிப் போவ வாய்ப்பே இல்லேல்லா? நீங்க எப்ப வந்து கேட்டாலும் அப்படியே எடுத்துத் தாரேன்."

அழுது முடிக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று. அவர் காத்திருந்தார். நான் முதலில் கொடுத்தது அந்தச் சீருடை நீலத்தை. "புதுசா வாங்கின மண்பானைத் தண்ணி. அதைக் குடிச்சதும் நெஞ்சுல இறங்கறது தெரியுமே, அந்த இடம்" என்றேன். அவர் அதை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "சரி, வச்சாச்சு. அடுத்தது?"

அதன்பின் தினமும் வந்தார். அலுவலகம் போகும் வழியில் காலையில் ஒரு நிறம், திரும்பும் வழியில் ஒன்று. மே மாதம் சாலையோரமெல்லாம் தொங்கும் கொன்றையின் மஞ்சளைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. கொளுத்துகிற வெயிலில் நடந்து வரும்போது, முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் நின்று, நீர்மோர் குடித்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிடுவது மாதிரி. ஊதா, அடுத்த அறையில் யாரோ நம்மைப் பற்றிப் பேசுவது. பாதிதான் காதில் விழும். ஜனவரி மாதத்து டெல்லிச் சாம்பல், ரயில் தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று ஸ்டேஷனில் திரும்பத் திரும்பச் சொல்கிற குரல். இதைக் கேட்டு அண்ணாச்சி புரையேறும்வரை சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் கணவர் குழாயை நிறுத்தியது கேட்டது.

கண் இருந்தவரை நான் இவ்வளவு நிறம் பார்த்ததில்லை என்று அப்போது தோன்றியது.

கோடை முடியும்போது அண்ணாச்சி ஒரு குண்டு போட்டார். அவர் தங்கை மகளுக்குக் கல்யாணம். சரோஜினி நகரில் புடவை எடுக்க வேண்டும். நான் வர வேண்டும்.

"விளையாடறீங்களா? எனக்குக் கண்ணு தெரியாது."

"எனக்கும்தான். தனியாப் போனா ஏமாத்திருவான். ரெண்டு பேரா போனா, என்னமோ ஏதோன்னு பயந்துருவான்."

பல மாதங்களுக்குப் பிறகு நான் தெருவில் இறங்கியது அன்றுதான். அண்ணாச்சி என் கணவரைக் கடை வாசலிலேயே நிறுத்திவிட்டார். "நீங்க உள்ள வந்தீங்கன்னா கடைக்காரன் ஒங்ககிட்டதான் பேசுவான்."

கடைக்காரர் ஒரு புடவையை விரித்து, "மெரூன், பெஹன்ஜி" என்றார்.

"எந்த மெரூன்?" என்றார் அண்ணாச்சி.

"மெரூன் தோ மெரூன் ஹை, சாப்." மெரூன் என்றால் மெரூன்தானாம்.

"காஞ்ச ரத்தமா? கத்தரிக்காய்ப் பக்கமா? செங்கல்லுக்குச் சொந்தக்காரனா?" இவ்வளவையும் அவர் இந்தியில் கேட்டார். கடைக்காரர் புடவையை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு ஓடினார். திரும்பி வந்து, "கத்தரிக்காய்" என்றார், தயங்கி. பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள், "கத்தரிக்காயாவது! இது செங்கல்" என்றார். அவரோடு வந்தவர், "இல்லை, கத்தரிக்காய்தான்" என்றார். கொஞ்ச நேரத்தில் கடையே இரண்டு கட்சியாகிவிட்டது. ஆளுக்கு ஒரு புடவையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்கும் ஓடினார்கள். மாதக்கணக்கில் நான் ஒருத்தி மட்டும் இருட்டில் இருப்பதாக நினைத்திருந்தேன். இங்கே கண்ணுள்ள அத்தனை பேரும் தடவிக்கொண்டிருந்தார்கள்.

"பைசாப், உங்களுக்கு என்னதான் வேணும்?" என்று கடைக்காரர் கும்பிடாத குறையாகக் கேட்டார்.

அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். "பீட்ரூட் நறுக்கிட்டு கை கழுவுறோம். ஒரு தரம் கழுவியாச்சு, போவல. ரெண்டாந்தரம் கழுவியாச்சு, அப்பவும் ரேகையில நிக்குது. அந்தச் செவப்பு. ஓரத்துல விளக்கணைக்கப் போற நேரத்துக் கறுப்பு."

அது என் அம்மாவின் கூறைப்புடவை. மார்ச் மாதத்தில் ஒரு நாள் நான் அவரிடம் கொடுத்து வைத்தது. ஒரு வார்த்தை குறையவில்லை, ஒரு வார்த்தை கூடவில்லை.

ஒரு பெண் குரல், கல்லூரி வயது இருக்கும், "அங்க்கிள், இதோ! இதுதான், இதேதான்!" என்று அடுக்கிலிருந்து உருவி என் மடியில் வைத்தது. யாரும் மறுத்துப் பேசவில்லை. நான் பட்டின் மேல் கையை வைத்தேன். உள்ளே அந்தச் சிவப்பு, துளிகூட மங்காமல், மொத்தமாக எழுந்து நின்றது.

அடுத்த மாதம் நான் மறுபடி வேலையில் சேர்ந்தேன். பேசுகிற கம்ப்யூட்டரை எனக்குப் பழக்கியவர்கள் வேறு யார் யாரோ. ஆனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து உட்கார்ந்து, எனக்கு மங்கிவிட்ட நிறங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தவர் அண்ணாச்சி. ஓய்வு பெறும் நாள்வரை ஒன்றைக்கூட அவர் தொலைக்கவில்லை.

தென்காசிக்கே திரும்பிப் போகிறேன் என்று அவர் கிளம்பியபோது வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போயிருந்தோம். பெட்டி வாசலில் நின்று, "வாரேன் தங்கச்சி" என்றார். வண்டி நகர்ந்தது. நான் கையை ஆட்டினேன். என் கணவர் என் தோளைப் பிடித்துத் திருப்பப் பார்த்து, பிறகு விட்டுவிட்டார்.

நான் ஒரு தூணைப் பார்த்து ஆட்டிக்கொண்டிருந்தேனாம். அண்ணாச்சி எதிர்த் தண்டவாளத்தைப் பார்த்து ஆட்டிக்கொண்டு போனாராம். வண்டி மறைந்து வெகுநேரம் ஆன பின்பும், நான் கையை இறக்கவில்லை.