பதினைந்தாவது ஆபத்து

கணினி படித்தவர்களுக்கு மருந்தில்லாத ஒரு வருத்தம் உண்டு. ஒழுங்காக வேலை செய்யும் கணினி ஒன்றைக் கண்டால் சும்மா இருக்க முடியாது. வவுனியாவில் படிப்பை முடித்து, விசுவமடுவில் உள்ள வீட்டுக்கு வந்த முதல் மாதத்திலேயே எனக்கு அந்த வருத்தம் முற்றிவிட்டது.

வீட்டுக் கணினி அப்பாவுடையது. அவர் எங்கள் வாய்க்காலில் வயல் செய்யும் கமக்காரர் அமைப்பின் செயலாளர். அதற்கு முன் முப்பது வருடம் கூட்டுறவுச் சங்கத்தில் தமிழ்த் தட்டச்சு அடித்தவர். பழைய தட்டச்சு இயந்திரம் போலவே அடிக்கக்கூடிய ஒரு தமிழ் எழுத்துருவை அதன் தட்டச்சுப் பொதியோடு யாருடைய பென் டிரைவிலோ வாங்கிப் போட்டு, அமைப்பின் கடிதங்களை எல்லாம் அதில்தான் அடிப்பார்.

"அப்பா, இதுக்கு அன்டிவைரஸ் ஒண்டும் போடேல்லையோ?"

"தூசி படாமல் சீலை போட்டு மூடித்தானே வைச்சிருக்கிறன் பிள்ளை."

ஞாயிறு காலை அட்டவணை போட்டேன். ஐந்து மென்பொருள்கள், ஒன்பது தகுதிகள், ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி. கணினியை மெதுவாக்குமா, பென் டிரைவைச் சோதிக்குமா, அடிக்கடி எட்டிப் பார்த்துக் கரைச்சல் தருமா என்று எல்லாம் பார்த்தேன். (எனக்கு மாப்பிள்ளை பார்க்கும் அம்மாகூட நாலு தகுதிக்கு மேல் கேட்பதில்லை.) இரண்டு மென்பொருள்கள் சமப்புள்ளி எடுத்தன. அதில் கண்டிப்பானதைத் தெரிந்தெடுத்தேன். அது என் கைத்தொலைபேசியின் டேட்டா முழுவதையும் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தது. சந்தேகமானதைக் கண்டால் உங்களிடம் கேட்கவா, பூட்டி வைக்கவா, ஒரேயடியாக அழிக்கவா என்று பணிவாகக் கேட்டது. அழி என்றேன். படித்த பிள்ளை அல்லவா.

பின்னேரம் பச்சை நிறத்தில் அறிவிப்பு வந்தது. பதினான்கு ஆபத்துகள் அகற்றப்பட்டன. பெருமையோடு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இவ்வளவும் எங்கடை வீட்டுக்குள்ளையோ இருந்தது?" என்று அம்மா இரண்டடி தள்ளி நின்றார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கோடை விதைப்புக்கான சிறுபோகக் கூட்டம். குளத்தில் தண்ணீர் குறைவு. எந்த வாய்க்காலுக்கு எத்தனை ஏக்கர் என்று அங்கேதான் முடிவெடுப்பார்கள். எங்களுடையது கடைசி வாய்க்கால். போன வருடம் விண்ணப்பம் பிந்தியதால் ஒரு ஏக்கர்கூடக் கிடைக்கவில்லை. இந்த முறை முப்பத்தொரு குடும்பங்களின் பெயரையும் காணி விபரத்தையும் அப்பா இரண்டு கிழமையாக அடித்து வைத்திருந்தார். கையால் எழுதிய தாள்களில் அம்மா ஏற்கெனவே அடுப்பு மூட்டிவிட்டார்.

திங்கள் காலை எட்டு மணிக்கு அப்பா கடிதத்தை அச்செடுக்கத் திறந்தார்.

"பிள்ளை, இஞ்சை ஒருக்கா வா. இது என்ன பாஷை?"

திரை முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். அகற்றிய பதினான்கில் ஒன்று அப்பாவின் தமிழ்த் தட்டச்சுப் பொதி. அது விசைகளைக் கவனிப்பதால் உளவாளி என்று நினைத்து, அன்டிவைரஸ் அதை எழுத்துருவோடு சேர்த்து விழுங்கியிருந்தது. (விசையைக் கவனிக்காமல் எப்படித் தமிழ் அடிப்பது?) திரும்ப இறக்க டேட்டா இல்லை. றீலோட் போடும் கடை ஒன்பதுக்குத்தான் திறக்கும்.

வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அமைப்பின் தலைவர் சாந்தன் மாமா.

"அண்ணை, கடிதம் றெடியோ?"

"றெடி. ஆனா இங்கிலீசிலை நிக்குது."

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஆரைக் கேட்டு இதைப் போட்டனீ?"

"ஒன்பது தகுதி பாத்துத்தான் போட்டனான் அப்பா."

"பத்தாவதா என்னையும் ஒருக்காக் கேட்டிருக்கலாம்."

முப்பத்தொரு வயலும் காய்வதை நான் கண்ணால் கண்டேன். அப்பா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரையில் ஒரு எழுத்தைப் பார்த்தார். விசைப்பலகையில் அதே விசையின் மேல் விரலை வைத்தார். பிறகு அடுத்தது. ஆர்மோனியம் வாசிப்பவர் போல விரல்கள் நகர்ந்தன.

"எழுது. கந்தையா தெய்வேந்திரம். ரெண்டு ஏக்கர்."

எந்த விசையில் எந்தத் தமிழ் எழுத்து இருக்கிறது என்பதை அந்த விரல்கள் மறக்கவில்லை. நான் பேனாவைத் தேடி எடுத்து எழுதினேன். பேனா பிடித்து எத்தனையோ மாதம். என் எழுத்து சேற்றில் நண்டு நடந்தது போல இருந்தது.

"மந்திரம் வாசிக்கிற மாதிரிக் கிடக்கு அண்ணை" என்றார் சாந்தன் மாமா.

இருபதாவது பெயரில் அப்பா நிறுத்தினார். "இதிலை நான் ஒரு எழுத்துப் பிழை விட்டிருக்கிறன். நீ சரியா எழுது."

ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இருவரும் கிளம்பினார்கள். நடந்ததைச் சாந்தன் மாமா வந்து சொன்னார். அதிகாரி கடிதத்தைப் பார்த்து, "எப்பவும் கம்பியூட்டரிலை அடிச்சுத்தானே தருவீங்கள். இது என்ன, சின்னப் பிள்ளை எழுதினதோ?" என்று கேட்டாராம்.

"இல்லை சேர். கம்பியூட்டர் படிச்ச பிள்ளை எழுதினது" என்றாராம் அப்பா.

குடும்பத்துக்கு அரை ஏக்கர் வீதம் கிடைத்தது. மத்தியானம் நான் சமையலறைக்குள் சாப்பிட்டுக்கொண்டு எட்டிப் பார்க்க, அப்பா கணினியைத் திறந்தார். அந்தப் பச்சை அறிவிப்பு மறுபடியும் வந்து நின்றது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தார்.

"பதினாலைத்தான் பிடிச்சிருக்குது. பதினஞ்சாவது குசினிக்குள்ளை இருந்து சோறு தின்னுது."

இப்போது நான் வவுனியாவில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பஸ்ஸால் இறங்கிப் படலையைத் திறக்கும்போதே அப்பா அம்மாவைக் கூப்பிடும் குரல் கேட்கும்.

"இஞ்சாருமப்பா, பதினஞ்சு வந்திட்டுது."

அம்மா எழுந்து போய்க் கணினியைச் சீலையால் மூடுவார்.