மூக்குக்கு மட்டும் கல்யாணச் சாப்பாடு

கொண்டப்பநாயக்கன்பட்டி,
சேலம்.

அன்பு மருமகள் சௌமியாவுக்கு மாமனார் பூபதி மனம் நிறைந்த ஆசிகளோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தை பாவாயியும் சுகம். ஏற்காட்டு மலையிலிருந்து இறங்கும் காற்றும் சுகம். அங்கே ஒசாகாவில் நீயும் வளவனும் குளிருக்குத் தகுந்த உடுப்புப் போட்டுக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் பேசினால் உன் அத்தை பின்னால் நின்று இரண்டு வாக்கியம் திருத்துகிறாள். லாரி புக்கிங் ஆபீசில் காலமெல்லாம் கடிதம் எழுதிய கை இது. திருத்தல் இல்லாமல் ஒரு விஷயத்தை முழுதாகச் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பொருள்: நீ அனுப்பிய பக்வீட் தேநீர்ப் பொட்டலங்களும் அவற்றால் விளைந்தவையும்.

முதலில், உன் அத்தைக்குச் சக்கரை வந்தது உனக்கும் வளவனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படி. வெளியே சொல்லக்கூடாது என்று அவள் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். "சக்கரைன்னு தெரிஞ்சா பந்தியில உக்காந்திருக்கறவங்க என்னைய எளவு ஊட்டுக்காரியாட்டம் பாப்பாங்க" என்றாள். அதனால் விசேஷங்களுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். கடைசியாகப் போனது வெண்ணந்தூரில் அவள் தம்பி மயில்சாமி கட்டிய புது வீட்டுக் கிரகப்பிரவேசம். அங்கே அவன் ஆசையாக ஒரு ஜாங்கிரியைக் கொண்டுவந்து எல்லோருக்கும் முன்னால் அக்கா வாயருகே நீட்டினான். இவள் வாயை இறுக்க மூடிக்கொண்டாள். அவன் இன்னும் நீட்டினான், இவள் முகத்தைத் திருப்பினாள். "என்னூட்டு இனிப்பு உனக்கு ஆகாதாக்கா?" என்று கேட்டுவிட்டு அவன் உள்ளே போனவன்தான், திரும்ப வரவில்லை. பஸ்ஸில் வரும்போது உன் அத்தை சேலம் வந்து சேரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். உண்மையைச் சொல்லிவிடலாமே என்றேன். "சொன்னா அளுதுபோடுவானுங்க" என்றாள். அன்றிலிருந்து அக்காவும் தம்பியும் பேசவில்லை. வீட்டிலும் என்னிடம் பேச்சு குறைந்துவிட்டது. இனிப்பு ஒளித்திருக்கிறாளா என்று நான் டப்பாக்களைத் திறந்து திறந்து சோதனை போடுவதைப் பார்த்து, "நீங்க புருசனா, செக்போஸ்ட்டா?" என்று ஒருநாள் கேட்டாள். அது எனக்கு மிகவும் வலித்தது அம்மிணி, ஆனாலும் சோதனையை நிறுத்தவில்லை.

இந்த நிலைமையில்தான் உன் பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்தேன். ஒரு பொட்டலத்தின் மேல் கஸ்டர்ட் படம், ஒன்றில் சாக்லெட் கேக், ஒன்றில் பட்டை தூவிய ஆப்பிள் பண்டம், ஒன்றில் வறுத்த தேங்காய். எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. சக்கரை வந்த மாமியாருக்கு இந்தப் பெண் கேக் அனுப்பியிருக்கிறதே என்று எனக்குப் பகீரென்றது. உன்மேல் கோபம்கூட வந்தது, அதை மன்னித்துவிடு. அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து எல்லாவற்றையும் பரண்மேல் பழைய அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். ஒளித்தது பெட்டியைத்தான், வாசனையை ஒளிக்க முடியவில்லை. ஒரு பொட்டலம் ஓரத்தில் கிழிந்திருந்தது போலிருக்கிறது. மறுநாள் காலையில் எறும்புகள் சுவரோரம் சாரிசாரியாகப் பரணுக்கு ஏறின. சற்று நேரத்தில் ஒன்றும் கிடைக்காமல் அதே சாரியில் இறங்கின. அந்தச் சாரியைப் பிடித்துக்கொண்டு உன் அத்தை ஏணி வைத்து ஏறிவிட்டாள். படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஏனுங்க, மனுசனுக்கு ஈவிரக்கம் வேணாமா? என்ற வாயைக் கட்டிப்போட்டு நீங்க பரண்மேல கேக்கு வெச்சுத் திங்கறீங்களா?" என்றாள். நான் திங்கவில்லை என்று எத்தனை சொல்லியும் அந்தப் படம் எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. அதன்பிறகுதான் உனக்குப் போன் போட்டேன். "மாமா, அது கேக் இல்லைங்க, டீ. பக்வீட்னு ஒரு தானியத்தை வறுத்து வாசனை சேர்த்தது. சக்கரையே கிடையாதுங்க" என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். நான் சிரிக்கும் நிலைமையில் இல்லை.

டீ என்றதும் நான் வழக்கம்போலப் பாலில் போட்டுக் கொதிக்கவிட்டேன். அது வெந்து பருத்துக் கூழாக வந்து நின்றது. கரண்டி செங்குத்தாக நின்றதைப் பார்த்து, "இதையக் குடிக்கறதா, செவுத்துக்குப் பூசறதா?" என்றாள் உன் அத்தை. மறுபடி உனக்குப் போன். வெந்நீர் ஊற்றி மூடிவைத்துப் பொறுமையாக இருக்க வேண்டும் என்றாய். அப்படிப் போட்டுக் குடிப்பதற்கு முன்னால் எதற்கும் இருக்கட்டும் என்று பொட்டலத்தை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனோம். அவர் வளவன் போனில் தமிழில் மாற்றி அனுப்பியதைப் படித்துவிட்டு, குடிக்கலாம், ஆனால் இது மருந்தில்லை, மாத்திரையை விடக்கூடாது என்றார். "டீயே பாத்துக்காதுங்களா?" என்று இவள் ஒரு முயற்சி செய்து பார்த்தாள், பலிக்கவில்லை.

அன்று சாயங்காலம் கஸ்டர்ட் பொட்டலத்தைப் பிரித்து முறைப்படி வெந்நீர் ஊற்றி மூடினோம். மூடியைத் திறந்தபோது அம்மிணி, கல்யாண மண்டபத்துப் பின்கட்டில் போய் நின்ற மாதிரி இருந்தது. பாலும் நெய்யும் ஏலமும் சேர்ந்து காய்கிற மணம், அடியில் வறுத்த தானியத்தின் மணம். தண்ணீர் தேன் நிறத்தில் இருந்தது. உன் அத்தை கண்ணை மூடிக்கொண்டு டம்ளரை மூக்கருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். பிறகு ஒரு வாய் குடித்தாள். கண்ணைத் திறந்தாள். "ஏனுங்க, மூக்கு கல்யாண ஊட்டுல இருக்குது, நாக்கு ஆஸ்பத்திரியில இருக்குது" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். புரையேறும்வரை சிரித்தாள். கிரகப்பிரவேசத்துக்குப் பிறகு இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான். அடியில் தங்கிய தானியத்தை ஸ்பூனால் எடுத்து மென்று பார்த்து, "பொரிகடலையாட்டம் இருக்குது, நீங்களும் தின்னு பாருங்க" என்று எனக்கும் ஊட்டினாள். அன்றிலிருந்து தினமும் ஒரு வாசனை. சாக்லெட் மட்டும் அவளுக்கு ஆகவில்லை, இருமல் மருந்து ஞாபகம் வருகிறதாம்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது மயில்சாமி தன் மகள் நிலாவின் நிச்சயதார்த்தத்துக்கு அழைக்க வந்தான். வெற்றிலைத் தட்டை வைத்தான், "வந்துருங்க மாமா" என்று என்னைப் பார்த்துச் சொன்னான், அக்கா கொண்டுவந்த தண்ணீரைக் குடிக்காமல் போய்விட்டான். இவள் சொம்பை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். போக மாட்டாள் என்று நினைத்தேன். நிச்சயதார்த்தத்தன்று காலையில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கையில் ஃபிளாஸ்க்கோடு வந்து நின்றாள். உள்ளே கஸ்டர்ட் டீ. "எல்லாரும் பாயசம் குடிக்கறப்ப நானும் இதையக் குடிச்சுக்குவேன். மணம் ஒண்ணாத்தான இருக்கும், எவனுக்குத் தெரியப்போவுது?" என்றாள்.

வெண்ணந்தூரில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். சம்பந்தியம்மா முத்தாயம்மாள் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். சிரிக்காத முகம். அவர் புருவம் அசைந்தால் மயில்சாமி நடுங்கினான். உன் அத்தை ஃபிளாஸ்க்கை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு நிலாவுக்குப் பூ வைக்கப் போனாள். அந்த நேரத்தில் காப்பி ஊற்றுகிற சமையல் ஆள், அது சம்பந்தி வீட்டுக்கென்று தனியாகப் போட்ட காப்பி என்று நினைத்து எடுத்துப் போய் முத்தாயம்மாள் டம்ளரில் ஊற்றிவிட்டான். நான் பார்த்துவிட்டுக் கூட்டத்தைத் தாண்டிப் போவதற்குள் டம்ளர் அவர் கைக்குப் போய்விட்டது. அவர் ஒரு வாய் குடித்தார். டம்ளரை இறக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். "இதென்னங்க இது? பாயசமாட்டம் மணக்குது, துளிகூட இனிப்பக் காணோம்?" என்றார்.

மயில்சாமிக்கு உயிர் போய்விட்டது. நிச்சயத்தன்று சம்பந்திக்கு இனிப்பில்லாமல் கொடுத்துவிட்டோமே என்று ஓடிப்போய்ச் சக்கரைக் கிண்ணத்தைக் கொண்டுவந்து, கரண்டி நிறைய அள்ளி, "மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க" என்று டம்ளரில் கொட்டப் போனான். அப்போதுதான் உள்ளறையிலிருந்து வந்த உன் அத்தை அதைப் பார்த்தாள். யோசிக்கவே இல்லை. "போடாத சாமி! அது சக்கரைக்காரிக்குனு வெச்சது!" என்று கத்திவிட்டாள்.

கரண்டி அந்தரத்தில் நின்றது. "யாருக்குக்கா சக்கரை?" என்றான் மயில்சாமி. இவள் எல்லா முகத்தையும் ஒருமுறை பார்த்தாள். "எனக்குத்தான்டா" என்றாள். "எப்பருந்து?" "தீவாளியிலருந்து." அவன் மனதுக்குள் கணக்குப் போட்டது அவன் முகத்திலேயே தெரிந்தது. "அப்ப அந்த ஜாங்கிரி..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. கிண்ணத்தோடு நின்றபடியே அழுதுவிட்டான். அவள் சொன்னபடியே அழுதான். "என்றகிட்டச் சொல்லக்கூடாதாக்கா? நானு உன்ற வாயில நஞ்சைத்தானக்கா திணிக்க வந்தேன்" என்றான். இவள் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள், கல்யாணத்துக்குப் பெண் வைத்திருக்கிற ஆளின் முகத்தை, அத்தனை பேருக்கு முன்னால்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த முத்தாயம்மாள் தொண்டையைச் செருமினார். "எனக்கும் இருக்குதுங்க. மருமக ஊட்டுக்கு வந்தப்பறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அந்த ஃபிளாஸ்க்குல இன்னும் இருந்தா இப்படி ஊத்துங்க" என்றார். அப்புறம் பார்க்க வேண்டுமே! மாப்பிள்ளையின் பெரியப்பா கை தூக்கினார். மயில்சாமியின் கொழுந்தியா தூக்கினாள். புரோகிதர் மந்திரம் சொல்லிக்கொண்டே ஒரு விரலைக் காட்டினார். ஆளுக்கு ஒரு மடக்குத்தான் கிடைத்தது. மயில்சாமி அக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் டம்ளரை வாங்கிக் குடித்துவிட்டு, "வெறும் சுடுதண்ணியாட்டம் இருக்குதேக்கா" என்றான். "மூக்குல குடிடா" என்றாள் அவள். நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. வைகாசியில் கல்யாணம். நீங்கள் இருவரும் கட்டாயம் வர வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள்: இனி கஸ்டர்ட் வாசனை மட்டும் அனுப்பவும். உன் அத்தைக்கு அதன்மேல் தீராத ஆசை. சாக்லெட் வேண்டவே வேண்டாம். நான் ஏதோ அவளுக்குத் துணையாக அரை டம்ளர் குடிப்பதோடு சரி, எனக்கென்று எதுவும் வேண்டாம். தீர்க்காயுசோடும் நிறைந்த மனதோடும் நீங்கள் இருவரும் வாழ நம் குலசாமி துணையிருக்கட்டும். வளவனிடம் காதைப் பஞ்சால் மூடிக்கொள்ளச் சொல், குளிர் அவனுக்கு ஆகாது.

இப்படிக்கு,
உன் மாமா,
பூபதி.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உன் அத்தை கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். அரை டம்ளர் குடிப்பது அவளாம், மிச்சம் முழுவதும் நானாம். கஸ்டர்ட் மேல் ஆசை எனக்குத்தானாம். "எனக்கு அந்தத் தண்ணியோட ருசி இன்னமும் புடிபடலைங்க. டம்ளர் சூடு ஆறுறவரைக்கும் நீங்க டிவியை நிறுத்திப்போட்டு எனக்கு எதிர்க்க வந்து உக்காந்திருக்கறீங்கல்ல, அதுக்குத்தான் தெனமும் போடச் சொல்றேன்" என்கிறாள். அப்படியானால் இனி அனுப்ப வேண்டாம் என்று எழுதட்டுமா என்று கேட்டேன். பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். எனவே மேலே கண்ட வேண்டுகோளை அடித்துவிட்டதாக எண்ணிக்கொள். எந்த வாசனையாக இருந்தாலும் சரியாம், சாக்லெட்டும் சரியாம். சீக்கிரம் ஆறாததாகப் பார்த்து அனுப்பச் சொல்கிறாள்.