அண்ணாசாமி அண்ணன் உட்காராத நாற்காலி

வீட்டிலிருந்தபடி வேலை செய்கிறவரை வீட்டில் யாரும் வேலை செய்கிறவராக மதிப்பதில்லை. மலாயா சுதந்திரம் அடைந்த புதிதில், காஜா பேராங் என்ற ஊரில் மருமகளாக வந்திறங்கிய எனக்கு இது சீக்கிரமே புரிந்துவிட்டது.

டைப்படிக்கத் தெரியும் என்பதைத் தவிர என்னிடம் பெரிய சரக்கு கிடையாது. (தலைக்கனம் மட்டும் தாராளமாக இருந்தது.) டவுனில் கிளினிக் வைத்திருந்த டாக்டர், நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளை ஒரு மிஷினில் பேசிப் பதிந்துவைப்பார். நான் அதைக் காதில் குழாய் மாட்டிக் கேட்டு, பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பும் கடிதங்களாக வீட்டிலேயே டைப் செய்ய வேண்டும். ஒரு மாதம் ஒழுங்காகச் செய்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் அடுப்படி நிரந்தரம்.

"நோயாளி சங்கதி உன் காதைத் தாண்டக் கூடாதும்மா" என்று மட்டும் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மாமியாருக்கோ இது வேலையாகவே படவில்லை. "காதுல எதையோ மாட்டிக்கிட்டு சும்மா உக்காந்திருக்கா. கேட்டா வேலையாம்லா!" என்று என் கணவரிடம் தினமும் முறையிடுவார்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு காலையில், "நீங்களே கேளுங்க அத்தை" என்று குழாயைக் கழற்றிவிட்டு ஒலிபெருக்கியைத் திருகினேன். டாக்டரின் வெண்கலக் குரல் கூடத்தை நிறைத்தது. மாமியார் பதறி எழுந்து முந்தானையைப் போர்த்திக்கொண்டார். அந்த மரியாதையைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

குரல் ஜன்னல் வழியாகத் தெருவுக்கும் போயிற்று. "டாக்டர் ஆடா?" என்று, டாக்டர் இருக்கிறாரா என மலாயில் கேட்டபடி, தலைமுறைகளாக மலாய் பேசும் அடுத்த வீட்டுச் செட்டி அம்மாள் இருமலோடு வந்தார். அவர் பின்னால் இன்னும் நாலைந்து பேர். மாமியார் பெருமையாக மிஷினைக் காட்டினார். நான், பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கட்டுமே என்று சத்தத்தைக் கூட்டினேன். (இந்தப் புத்திசாலித்தனத்துக்கு யாராவது பதக்கம் கொடுத்திருக்கலாம்.)

கடைசியாக வந்தவர் மளிகைக்கடை அண்ணாசாமி அண்ணன். கடையில் எப்போதும் நின்றுகொண்டே வியாபாரம் பார்ப்பவர். வாடிக்கையாளர்மேல் என்ன மரியாதை என்று எல்லோரும் மெச்சுவார்கள். மாமியார் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மிஸ்டர் அண்ணாசாமி, மளிகைக்கடை" என்றது மிஷின். "பைல்ஸ். பல வருஷமாக உட்கார முடியவில்லை."

டாக்டர் இங்கிலீஷில்தான் பேசினார். ஆனால் பைல்ஸ் என்றால் என்னவென்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அத்தனை கண்களும் நாற்காலிக்கும் அண்ணனுக்குமாகப் போய்ப் போய் வந்தன. அவர் விறுவிறுவென்று திரும்பிப் போனார். அப்புறம்தான் எனக்கு மிஷினை அணைக்கத் தோன்றியது.

மறுநாள் மிஷினைத் திருப்பிக் கொடுக்க கிளினிக்குக்குப் போனேன். அண்ணன் எனக்கு முன்பே அங்கே நின்றுகொண்டிருந்தார். வேலை போயிற்று என்று அழுகையே வந்துவிட்டது.

"ஆப்பரேஷன் பண்ணிக்கிறேன் டாக்டர்" என்றார் அண்ணன். "வெளிய தெரிஞ்சிடும்னுதான் தள்ளிப்போட்டேன். இனிமே தெரியுறதுக்கு என்னா இருக்கு? இந்தப் பிள்ளைய ஒன்னும் சொல்லாதீங்க."

டாக்டர் என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு மிஷினைத் திறந்து, ஒலிபெருக்கியின் கம்பியைப் பிடுங்கிவிட்டு என்னிடமே கொடுத்தார். அந்த வேலைதான் என் பிள்ளைகளைப் படிக்க வைத்தது.

ஆப்பரேஷன் முடிந்து தேறியபின் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு, சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தார்.

"தங்கச்சி, அண்ணாசாமி நல்லா உக்காந்திருக்கான்னு டைப் பண்ணிடு."

இன்றும் எங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் விட்டால் போதும், பேரப்பிள்ளைகள் என்னிடம் ஓடிவந்து கேட்பார்கள்: "பாட்டி, டைப் பண்ணியாச்சா?"