அப்பாவின் தொழில்: பிளான்டர்

பொய் சொல்லத் தைரியம் வேண்டும் என்பார்கள். எனக்கு அது ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் படிவத்தில் பொய் எழுதத் தைரியம் வேண்டியதில்லை, பேனா போதும். இதை முப்பத்தெட்டு வயதில், அதுவும் ஓர் ஆங்கில ஆசிரியராக இருந்துகொண்டு, நான் கண்டுபிடித்தேன்.

என் தங்கை கலா கல்யாணம் முடித்து ஐரோப்பாவுக்குப் போய் ஆறு வருடமாகியிருந்தது. (எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். அவர்கள் பக்கம் ஒரு தப்பும் இல்லை.) அவளுடைய மகளை அப்பாவும் நானும் போனில்தான் பார்த்திருந்தோம். ஒருநாள் கலா கூப்பிட்டாள்.

"அண்ணே, ஆகஸ்ட் கடைசியில அப்பாவக் கூட்டிக்கிட்டு வாங்க. சம்மர் முடியிற நேரம். குளிரும் இருக்காது, கூட்டமும் கொறஞ்சிரும்."

இலங்கையில் எங்கள் தெரணியகலைத் தேயிலைத் தோட்டப் பக்கத்தில் கோடை என்பது இரண்டு மழைக்கு நடுவில் துணி காய்கிற நேரம். அது தொடங்குவதே தெரியாது. முடிவதை யார் கண்டது? ஆனாலும் மறுநாளே பாடசாலையில், "ஐரோப்பாவுக்கு சம்மர் முடியிற நேரம்தான் சரி," என்று வருடா வருடம் போய் வருகிறவனைப் போலப் பேச ஆரம்பித்துவிட்டேன்.

அதோடு நின்றேனா? ஒரு கொப்பி வாங்கி, பயணத்தை மணிக்கணக்காகத் திட்டமிட்டேன். 'காலை 9.00: மியூசியம். 11.00: ஏரி. 2.00 முதல் 2.20 வரை: அப்பா ஓய்வு.' பஸ் கொண்டக்டரிடம் சிங்களத்தில், "மம ரட யனவா," வெளிநாடு போகிறேன், என்று நானாகவே அறிவித்தேன். அவிசாவளையில் தடித்த ஜாக்கெட் ஒன்று வாங்கி, அளவு பார்க்கிறேன் என்று அதைப் போட்டுக்கொண்டு நாங்கள் இருக்கிற லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. (எங்கள் ஊரில் வெயில் வருவதென்றால் அப்படிப்பட்ட நாளில்தான் வரும்.)

பிறகு விசா படிவம் வந்தது. முகவரியில் 'லயம்' என்று எழுத மனம் வராமல் 'எஸ்டேட் ரெசிடென்ஸ்' என்று எழுதினேன். அடுத்த கேள்வி, தந்தையின் தொழில்.

அப்பா முப்பத்தைந்து வருடம் தேயிலை மலைக்கு வேலைக்குப் போனவர். குழி வெட்டுவார், தேயிலைக் கன்று வைப்பார், செடி முற்றினால் கிளை நறுக்கிக் கவ்வாத்து வெட்டுவார். 'தோட்டத் தொழிலாளி' என்பதற்கு ஆங்கிலச் சொல் எனக்குத் தெரியாதா என்ன? ஐந்தாம் வகுப்புக்கே அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் வெள்ளைக்காரன் அதை வாசிப்பானே என்று நினைத்ததும் கை கூசியது. 'பிளான்டர்' என்று எழுதினேன். அப்பாவின் படிவத்திலும் அதையே எழுதினேன்.

என் மனைவி சாந்தி எட்டிப் பார்த்தாள். "பிளான்டர்னா தோட்டத்த நடத்துற தொரைங்களத்தானே சொல்லுவாங்க?"

"இங்கிலீஷ்ல அதுக்குப் பல அர்த்தம் இருக்கு. ஒனக்கு வெளங்காது."

அவள் சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்போதே பயந்திருக்க வேண்டும்.

நேர்முகத்துக்குத் தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கரின் கோட்டை இரவல் வாங்கி அப்பாவுக்குப் போட்டுவிட்டேன். அதற்குள் இன்னும் ஓர் அப்பா தாராளமாக நிற்கலாம். "கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கப்பா," என்று பயிற்சி கொடுத்தேன். பிளான்டர் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

கொழும்பில் தூதரகத்துக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரரும், மொழிபெயர்ப்புக்கு யாழ்ப்பாணத்து அம்மா ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைக்காரர் முதலில் என்னிடம்தான் கேட்டார். திரும்பி வருவீர்களா என்றதற்கு, தாய்நாட்டுப் பற்றைப் பற்றி மனப்பாடம் செய்திருந்த கட்டுரையை ஒப்பித்தேன். அவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு, "உங்கள் தந்தையின் தோட்டத்துக்கான உறுதிப் பத்திரங்கள் எங்கே?" என்றார்.

"வக்கீலிடம் இருக்கின்றன," என்றேன். (வக்கீலை நான் அதுவரை தூரத்தில்கூடப் பார்த்ததில்லை.)

அந்த அம்மா அப்பா பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்கள் பிளான்டர் எண்டு இதில கிடக்கு. தோட்டம் எவ்வளவு பெரிசு?"

"பெரிய தோட்டங்கம்மா. ஏழாம் நம்பர் மலையில பாதி நான் நட்டதுதான்."

"ஆக்களை வச்சு நட்டனீங்களோ?"

"ஆளா? நானே ஆளுதாங்களே!"

"அப்ப தோட்டம் உங்கட சொந்தமில்லையோ?"

அப்பா சிரித்த சிரிப்பில் பின்னால் வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "நாங்க இருக்கிற லயத்துக் காம்பராவே சொந்தமில்லீங்களே அம்மா. கூரைத் தகரம் மட்டும் நம்ம காசுல போட்டது."

அந்த அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் மொழிபெயர்த்தார். அந்தப் படுபாவி மொழிபெயர்ப்பில் ஒரு பிழைகூட இல்லை. ஆங்கில ஆசிரியனாகிய நானே சாட்சி. வெள்ளைக்காரர் படிவத்தைத் தட்டிக் காட்டி ஏதோ சொன்னார்.

"இதை நிரப்பினது ஆர் ஐயா?"

அப்பா பெருமையோடு என் முதுகில் தட்டினார். "நம்ம மகந்தாங்க. இங்கிலீசு வாத்தியாரு. ஒரு எழுத்து பிசகாது."

தரை பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். கொழும்பில் தரையெல்லாம் டைல்ஸ்.

கடைசியாக, திரும்பி வருவீர்களா என்று அப்பாவிடமும் கேட்டார்கள். "வராம? மாட்ட யாரு பாக்கிறது?" என்றார். வெள்ளைக்காரர் முதன்முறையாகச் சிரித்தார். தானே அப்பாவின் படிவத்தில் அந்தச் சொல்லை வெட்டி வேறு எழுதி, அப்பாவிடம் கையெழுத்து வாங்கினார். என் படிவத்தை அவர் தொடவே இல்லை.

திரும்பும் பஸ்ஸில் அப்பா கோட்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். "ஏன்டா, பிளான்டர்னா தொரையா?"

"ம்."

"தொர ஒரு கன்னுகூட வச்சு நான் பாத்ததில்லையே?"

சொல்லிவிட்டு அவிசாவளை வரை குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டே வந்தார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு வாரத்தில் பாஸ்போர்ட்டுகள் வந்தன. அப்பாவுடையதில் விசா. என்னுடையதில், நான் தந்த விவரங்கள் நம்பத்தக்கவையாக இல்லை என்று ஒரு கடிதம். அதன் ஆங்கிலத்தில் ஒரு தப்பாவது இருக்குமா என்று மூன்று முறை வாசித்தேன். இல்லை.

ஆகஸ்ட் கடைசியில் அப்பா தனியாகப் போனார். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கையசைத்தேன். முன்பின் தெரியாத ஒரு பெண்மணி அவருக்கு வண்டி தள்ள உதவிக்கொண்டிருந்தார். அது நான் செய்திருக்க வேண்டிய வேலை. இரண்டு நாள் கழித்துப் போனில் பார்த்தேன். தங்கை மகள் அப்பாவின் மடியில் உட்கார்ந்து அவருடைய மீசையை இழுத்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு சொல்லுக்காக நான் இங்கே மழைக்கு ஜாக்கெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொண்டக்டர் தினமும் விடாமல் கேட்டார். "மாஸ்டர், தவம கியே நெத்த?" இன்னும் போகவில்லையா?

அது நடந்து மூன்று வருடமாகிறது. போன மாதம் என் மகள் பாடசாலையிலிருந்து ஒரு படிவம் கொண்டுவந்தாள். "அப்பா, ஒங்க தொழில் என்னன்னு போடுறது?" என்று என்னிடம்தான் கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் அடுப்படியிலிருந்து சாந்தியின் குரல் வந்தது.

"அவருகிட்டக் கேக்காத. தாத்தாகிட்டக் கேட்டு எழுது."